சுகாதாரமான புகை

ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை ஜாதகம் கணிப்பதற்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஜோசியராவது கட்டத்தைப் பார்த்துப் பலன் சொல்வார். இங்கே பலனை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கட்டத்தைப் போட்டுக்கொள்ளவும் வழியுண்டு.

ஒரு முறையில், மறுசுழற்சித் தொட்டியில் விழுந்ததுமே புட்டியின் கணக்கு முடிந்துவிடும். அப்புறம் அது எடுத்தவன் பாடு. இன்னொரு முறை இதைவிட இனிப்பு: மறுசுழற்சிக்குப் போன பிளாஸ்டிக் அளவுக்குப் புதுப் பிளாஸ்டிக் தயாரிக்காமல் மிச்சமாயிற்று என்று அனுமானித்து, அந்தப் புகையைப் பழைய புட்டியின் கணக்கில் கழித்துவிடலாம். போன சரக்கு உருகியதா, எரிந்ததா? தரம் குறைந்ததற்கு ஒரு குணகத்தைப் போட்டால் பாவம் தீர்ந்தது. பிரிட்டனில், கழிவை ஏற்றுமதி செய்தாலே மறுசுழற்சிச் சான்று கிடைக்கிறது. கணக்குப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு முடிவால் உலகில் என்னென்ன மாறும் என்று கேட்கும் யோக்கியமான முறையும் இருக்கிறது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியபோது அதற்கான விடை கப்பலேறி எங்கள் பக்கம் வந்தது. 2020 ஜனவரியில் மலேசியாவின் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின், 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக அறிவித்தார். பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. பினாங்குத் துறைமுகத்திலிருந்து போனவையும் அதில் உண்டு. அங்கே கழித்த புகையை, கொள்கலன் திரும்பி வந்ததும் யாராவது கூட்டினார்களா?

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுத் தூங்கப் போக முடியாது. நிபோங் திபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் கொட்டுவது நாம்தான். பைக்கு 20 சென் வசூலித்து நாட்டுக்கே புத்தி சொன்ன மாநிலம் எங்கள் பினாங்கு. 2022 ஜனவரியில் அந்த மேடு பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் புகைந்தது. அதன் அரசாங்கப் பெயரிலேயே ‘சுகாதாரம்’ உண்டு. மதிப்பீட்டுக் கணக்கின் மாதிரியிலும் அது சுகாதாரமான நிலநிரப்பாகவே இருந்துவிட்டுப் போகும். தீ பிடிக்காது, நாறாது, பக்கத்தில் பிள்ளைகள் இருமமாட்டார்கள்.

ஒரு பொருள் இன்னொன்றைவிடப் பசுமையானது என்று ஊரறியச் சொல்வதானால், சம்பந்தப்பட்டவர்கள் கொண்ட குழு ஆய்வைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 14044. பேஷ். அடுத்த கூட்டத்தைப் பூலாவ் பூரோங்கிலேயே வையுங்கள். புகை வரும் பக்கமாகப் பார்த்து நாற்காலி போட்டு வைக்கிறோம். பசியாறல் எங்கள் செலவு.