கான் பக்கமா ஒட்டிப் போ

வெளிநாட்டில் சிலர் வீட்டு விலைக்கு ஒரு ஜீப் வாங்கி, கூரைமேல் கூடாரம் கட்டி, கரடுமுரடான ரோடுகளில் ஓட்டிப் பொழுது போக்குகிறார்களாம். பசறைப் பக்கம் அந்தச் சாகசத்துக்கு ஒரு ஆட்டோ போதும்.

பதுளையிலிருந்து பசறை வரை ஏ5 தார் ரோடு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்து ரோட்டில் திரும்பியதும்தான் கச்சேரி. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலையோரக் கான். மலைத்தண்ணியை வாங்கி மதகு வழியே கீழே அனுப்புவது கானின் வேலை. கவ்வாத்துக் குச்சியும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணி ரோட்டுக்கு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடும் கானும் உத்தியோகம் மாற்றிக்கொள்ளும்.

எதிரே கொழுந்து லொறி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? எனக்கு ஓட்டப் பழக்கிய அண்ணன் சொன்னார்: "கான் பக்கமா ஒட்டிப் போ தம்பி. கான்ல விழுந்தா நாலு பேரு வந்து வண்டிய தூக்குவாங்க. அந்தப் பக்கம் விழுந்தா, நாலு பேரு வந்து ஒன்னைய தூக்குவாங்க."

இந்த மாவட்டத்தில் ரோடு போட்டுப் பேர் வாங்கியவர் பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்பது ஊர்ப்பேச்சு. பின்னால் குலுங்கப்போகும் இடுப்புகளும் முன்கூட்டியே சபித்திருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம்.

1992இல் தோட்டங்கள் கம்பெனிகள் கைக்குப் போயின. ரோட்டுக் குழியைக் காட்டினால் தோட்டத்தில் தேயிலை விலையைச் சொல்வார்கள். பிரதேச சபையில் சட்டத்தைச் சொல்வார்கள். சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம் என்று 2018இல் அந்தச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். சட்டம் திருந்திய சேதி குழிக்கு இன்னும் எட்டவில்லை.

தேயிலை ஸ்டோருக்கு மேலே ஒரு ஏற்றம். பின்னால் பாரம் கூடினால் ஆட்டோவின் முன்சில்லு தூக்கும். ஒருநாள் அரிசி மூட்டையை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க, அம்மாயி மட்டும் இருக்கட்டும்" என்றேன். அம்மாயிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"வயசுக்கு மரியாத குடுக்கிற புள்ள!"

"இல்ல அம்மாயி, அந்த காஸ் சிலிண்டர யாராச்சும் புடிக்கணும்."