நிர்வாகி அனுமதி தேவை

கோடி ரூபாய் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி அவர். பாலம் கட்டச் சொல்லலாம். கட்டிய பாலத்தை இடிக்கவும் சொல்லலாம். ஆனால் தன் மேசைக் கணினியில் ஜாவா 8-ஐ ஜாவா 17 ஆக்க அவருக்கு அதிகாரம் இல்லை. முயன்று பார்த்தால் திரை மங்கும். நடுவில் ஒரு பெட்டி முளைக்கும். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும்.

யார் அந்த நிர்வாகி? மாடியில் இருப்பதாகச் சொல்வார்கள். மாடிக்குப் போனால் தலைமை அலுவலகம் என்பார்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டால் பராமரிப்பு ஒப்பந்தம் கைமாறிவிட்டது, புதுக் கம்பெனி ஆள் திங்கட்கிழமை வருவார் என்பார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் கேட்கக் கூடாது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஜாவாவில் எழுதிய மென்பொருள் தானாக ஓடாது. அதை ஓட்டுவதற்குக் கணினியில் தனியாக ஒரு ஜாவா இருக்க வேண்டும். அந்த ஜாவாவுக்குப் பதிப்பு எண் உண்டு. 8 வந்தது 2014 மார்ச்சில். 17 வந்தது 2021 செப்டம்பரில். பதினேழுக்காகச் செய்த மென்பொருள் எட்டில் ஓடாது. "இது 61.0, எனக்கு 52.0 வரைதான் தெரியும்" என்கிற பொருளில் பிழைச்செய்தி வரும். 61-லிருந்து 44-ஐக் கழித்தால் 17. 52-லிருந்து 44-ஐக் கழித்தால் 8. இதைக் கண்டுபிடிக்கும் வேலையும் குமாஸ்தாவின் தலையில்தான். 'ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு' என்று சொல்லித்தான் சன் நிறுவனம் 1990களில் ஜாவாவை விற்றது. 'எங்கும்' என்பதில் நம் அலுவலகங்கள் அடங்கா என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சரி, ஐ.டி. பிரிவுக்குப் புகார் டிக்கெட் போடலாம். டிக்கெட் போடும் பக்கத்தில் பிரின்டர், மவுஸ், கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வகை வகையாகப் பட்டியல் இருக்கிறது. ஜாவா இல்லை. 'மற்றவை'யில் போட்டால் எண் வரும். ஆள் வரமாட்டார். மேலதிகாரியின் ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வரும். மேலதிகாரிக்கு ஜாவா என்றால் இந்தோனேசியத் தீவு. அவர் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி ஐ.டி. பிரிவுக்கே திருப்பி அனுப்புவார். இரண்டு நாள் கழித்து, நீங்கள் தூங்கும் நேரத்தில், டிக்கெட் மூடப்பட்டுவிடும். காரணம்: பயனர் பதில் அளிக்கவில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பாதுகாப்பு.

அந்தக் காரணத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டுக்குத் தெரியும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கினார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து நோயாளிகளின் விவரம் எழுதினார்கள். எல்லோர் கையிலும் நிர்வாகி உரிமையைக் கொடுக்கக் கூடாது என்பது நியாயமான விதி. அந்த விதியைக் கும்பிடலாம். ஆனால் அந்த விதியைக் காட்டி நம்மைத் தடுப்பவர்கள், அதே கணினியில் எதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

அங்கே இருப்பது ஜாவா 8, அப்டேட் 202. வெளிவந்தது 2019 ஜனவரியில். அதற்கு அடுத்து ஏப்ரலில் வந்த பதிப்பிலிருந்து ஆரக்கிள் நிறுவனம் விதியை மாற்றியது: வீட்டுக்கு இலவசம், வியாபாரத்துக்குக் காசு. காசு என்ற சொல் காதில் விழுந்ததும் எத்தனையோ அலுவலகங்கள் 202-லேயே படுத்துவிட்டன. அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆரக்கிள் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தங்களின் பட்டியல் எல்லோரும் படிக்கப் பொதுவில் கிடக்கிறது. ஹேக்கருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது: எந்த ஓட்டை, எந்தப் பதிப்பில், எவ்வளவு பெரியது. அந்த ஓட்டைகளோடு பழைய ஜாவா அப்படியே இருக்கலாம். அது பாதுகாப்பு. புதிய ஜாவாவை நீங்கள் போட்டால் ஆபத்து.

இதற்கும் மேலே ஒரு கூத்து உண்டு. உலாவியில் ஜாவா வழியாக டிஜிட்டல் கையெழுத்து போடச் சொல்லிக்கொடுத்த கையேடுகளை அச்செடுத்து வைத்திருப்பவர்கள் புரட்டிப் பாருங்கள். ஜாவா கன்ட்ரோல் பேனலைத் திற, பாதுகாப்பு அளவை 'மீடியம்' ஆக்கு, எங்கள் தளத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர். அதாவது, பாதுகாப்பாகக் கையெழுத்துப் போட முதலில் பாதுகாப்பைக் குறைக்க வேண்டும். அந்த 'மீடியம்' என்ற தேர்வையே 2014-ல் வந்த ஜாவா 8 அப்டேட் 20-ல் ஆரக்கிள் தூக்கி எறிந்துவிட்டது. ஆபத்து என்பதால்தான் தூக்கியது. கையேடு மாறவில்லை. கையேட்டை நம்பியவர் அதைவிடப் பழைய ஜாவாவைத் தேடி இணையத்தில் அலைந்தார். உலாவிகளும் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. ஜாவா பிளக்இன்னை 2015 செப்டம்பரில் குரோம் கைவிட்டது. 2017 மார்ச்சில் பயர்பாக்ஸ். 2022 ஜூன் 15-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடியது. இத்தனைக்கும் பிறகு 'இத்தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சிறப்பாகத் தெரியும்' என்ற அறிவிப்போடு வாழும் பக்கங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கெடு நெருங்கும். மாலைக்குள் டெண்டர் ஏற்ற வேண்டும், அல்லது ரிட்டர்ன் போட வேண்டும். அப்போது மட்டும் அந்தப் பாதுகாப்புக் கோட்டையின் கதவு எப்படித் திறக்கிறது தெரியுமா? ஒரு செல்போன் அழைப்பில். "எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க சார்." எதிர்முனையில் இருக்கும் பையனை யாரும் பார்த்ததில்லை. முழுப் பெயர்கூடத் தெரியாது. திரை அவன் கைக்குப் போகிறது. நிர்வாகியின் கடவுச்சொல்? அதை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்கிறான். இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஊழியருக்குக் கிடைக்காத உரிமை, ஊர் பேர் தெரியாத குரலுக்கு ஒரே நிமிடத்தில் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றுவார்களா? மாற்றினால் அடுத்த முறை அந்தப் பையனுக்குச் சிரமமாக இருக்காதா.

டிஜிட்டல் கையெழுத்தின் சாவி இருக்கும் யூஎஸ்பி டோக்கனின் கதை இன்னும் அழகு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. பிரிவு 42. டிஜிட்டல் கையெழுத்தின் தனிச்சாவியைச் சான்றிதழ்காரர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரிய கவனம் எடுக்க வேண்டும். அது பிறர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் கம்பெனி இயக்குநர்களின் கையெழுத்தெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கிறது. கடவுச்சொல் டோக்கன் மேலேயே ஸ்டிக்கரில். சட்டத்தின் கையெழுத்து டிராயரில் கிடக்கலாம். ஜாவாவின் பதிப்பு எண் மட்டும் அசையக் கூடாது.

இனி முக்கியமான செய்தி. இத்தனை காவலும் எதைக் காக்கிறது? எதையும் இல்லை. ஜாவாவை மாற்றுவதற்கு நிர்வாகியின் அனுமதியே தேவையில்லை.

ஆமாம். அனுமதி கேட்பது ஜாவா இல்லை. ஜாவாவை எல்லோருக்குமாக நிறுவித் தரும் இன்ஸ்டாலர். அதே ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பு, ஓப்பன்ஜேடிகே, ஜிப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. டெமுரின் என்ற பெயரில் எக்லிப்ஸ் அமைப்பு தருகிறது. கொரெட்டோ என்ற பெயரில் அமேசான் தருகிறது. இறக்கி, உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் பிரித்து வைத்தால் போதும். எந்தப் பெட்டியும் முளைக்காது. கன்ட்ரோல் பேனலில் உங்கள் கணக்குக்கு மட்டுமான என்விரான்மென்ட் வேரியபிள் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் ஜாவா_ஹோம் என்று போட்டு அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்தால், அதைப் பார்த்து ஓடும் மென்பொருள்கள் புதிய ஜாவாவுக்கு வந்துவிடும். நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் மென்பொருள் போன்றவற்றுக்கு அவற்றின் ஐஎன்ஐ கோப்பில் '-விஎம்' என்று ஒரு வரி, அடுத்த வரியில் ஜாவாவின் முகவரி. அந்த இரண்டு வரியும் '-விஎம்ஆர்க்ஸ்' என்ற வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் எக்லிப்ஸ் கண்டுகொள்ளாது.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கும். பாத் என்ற பட்டியலில் உங்கள் ஜாவாவைச் சேர்த்தாலும் பழைய ஜாவாதான் ஓடும். காரணம், விண்டோஸ் முதலில் கணினியின் பொதுப் பட்டியலைப் பார்க்கிறது. உங்கள் பட்டியல் அதற்குப் பின்னால்தான். ஆரக்கிளின் பழைய இன்ஸ்டாலர் அந்தப் பொதுப் பட்டியலின் முன்வரிசையிலேயே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும். விண்டோஸுக்கும் சீனியாரிட்டி தெரியும்! இதற்கும் மருந்து உண்டு. நோட்பேடில் இரண்டு வரி பேட்ச் ஃபைல் எழுதி, புதிய ஜாவாவின் முழு முகவரியையும் கொடுத்து மென்பொருளைத் திறந்தால், பட்டியலை யாரும் பார்க்கப் போவதில்லை.

வாசலுக்கு ஏழு பூட்டு. கொல்லைப்புறத்தில் சுவரே கிடையாது. இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்கிறேன். விவரம் தெரிந்த ஊழியர் சத்தமில்லாமல் செய்துவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிறார். வைரஸ் அனுப்புகிறவனுக்கும் இந்தக் கொல்லைப்புறம் தெரியும். அவன் டிக்கெட் போடுவதில்லை. மாட்டிக்கொள்வது யார்? விதியை மதித்து, டிக்கெட் போட்டு, ஒப்புதலுக்குக் காத்திருந்தவர். தாமதத்துக்கு மெமோ அவருக்குத்தான் போகிறது.

உண்மையாகவே பூட்ட நினைத்தால் வழியில்லையா? உண்டு. ஆப்லாக்கர் என்ற பூட்டு 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோதே வந்துவிட்டது. பயனரின் ஃபோல்டரிலிருந்து எந்த நிரலும் ஓடாதபடி அதில் கட்டலாம். ஆனால் அப்படிக் கட்டினால் அலுவலகத்துக்குத் தேவையான ஜாவாவை ஐ.டி. பிரிவே தேர்ந்தெடுத்து, சோதித்து, எல்லாக் கணினிக்கும் அனுப்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிவரும். அதற்குப் பெயர் வேலை. மறுப்பதற்கு வேலை தேவையில்லை. கடவுச்சொல்லைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

நிர்வாகி நிறுவினால் மட்டும் என்ன வாழ்கிறது? ஆரக்கிளின் ஜாவா இன்ஸ்டாலரோடு பல வருடம் ஆஸ்க் டூல்பார் என்ற ஒட்டுண்ணியும் சேர்ந்து வந்தது. டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டினால் அதுவும் ஏறிவிடும். அது எத்தனை அலுவலகக் கணினிகளில் ஏறியது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. அனுமதியோடு ஏறியது அது.

காசுக் கணக்கையும் பார்ப்போம். 2023 ஜனவரியில் ஆரக்கிள் ஜாவா சந்தாவைத் தலைக்கணக்குக்கு மாற்றியது. ஜாவா பயன்படுத்துகிறவரின் தலையை மட்டும் எண்ணாது. நிறுவனத்தில் உள்ள எல்லாத் தலையையும் எண்ணும். முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம், நிறுவனத்தின் வேலையைத் தாங்கும் ஒப்பந்தக்காரர்கள், எல்லோரும் சேர்த்தி. ஆயிரம் பேருக்குக் குறைவென்றால் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 15 டாலர். 500 பேர் உள்ள இடத்துக்கு வருடத்துக்கு 90,000 டாலர். சம்பளப் பட்டியலில் உள்ள வாட்ச்மேனுக்கும், அவர் வாழ்நாளில் தொட்டிராத ஜாவாவுக்காக, மாதம் 15 டாலர். நிர்வாகி யோசிக்காமல் ஆரக்கிள் பதிப்பை நிறுவினால் இந்தப் பில் வரலாம். ஊழியர் ஜிப்பிலிருந்து பிரித்த ஓப்பன்ஜேடிகேவுக்குக் காலணா கிடையாது. இதில் அலுவலகத்துக்கு ஆபத்து யார்?

இவை எதுவும் கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அவருக்குக் கிடைப்பது இரண்டே சொல்: "சர்வர் டவுன்." சர்வர் எங்கோ ஒரு குளிர் அறையில் நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. படுத்திருப்பது உள்ளே மேசை மேல் இருக்கும் ஜாவா. அதை எழுப்ப அனுமதி இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போகிறார். அந்தக் கூலி எந்த அலுவலகத்தின் செலவுக் கணக்கிலும் ஏறாது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அரசு அலுவலகம் ஒன்றில் அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் திரும்பி வந்து ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் பத்து ரூபாய். கேள்விகள் நான்கு போதும். இந்த அலுவலகக் கணினிகளில் இருப்பது ஜாவாவின் எந்தப் பதிப்பு? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? புதுப்பிக்கச் சொல்லி வந்த கோரிக்கைகள் எத்தனை? அவற்றை நிராகரித்த அலுவலரின் பதவி என்ன? பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி மறுத்தாலும் மறுப்பார்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உள்ளே இருக்கும் ஊழியர் போட்ட டிக்கெட்டுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.