அடிக்கு அரை அங்குலம்

கப்பல் மாமாவுக்கும் கடலுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அவருடைய அப்பப்பாவோடு முடிந்துவிட்டது. அப்பப்பா வல்வெட்டித்துறையில் தண்டையல், அதாவது கப்பல் தலைவர். அப்பா கணக்காளர். மாமா லண்டனில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். டோவரிலிருந்து கலேக்குப் போகும் கப்பலில் ஏறினால் முதல் வேலையாகக் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்பவர். ஆனால் மாடியிலுள்ள சின்ன அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திவிட்டால் அவருக்குத் தெரியாத சமுத்திரம் கிடையாது.

அந்த அறையில் அன்னபூரணி வளர்ந்துகொண்டிருக்கிறாள். வல்வெட்டித்துறையில் கட்டி, அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி வேறு பெயர் வைத்து, நம்மூர் மாலுமிகளே ஓட்டிப்போய் 1938-இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த பாய்க்கப்பல். அசலின் நீளம் 89 அடி. மாமாவின் கணக்கு அடிக்கு அரை அங்குலம். ஆக 3 அடி 8½ அங்குலம். இந்த அளவுக்குச் சரித்திரக் காரணம் ஒன்றும் இல்லை. அதற்குமேல் போனால் காரின் பின்னிருக்கையில் கிடத்த முடியாது.

ரேடியோவில் ஓடும் பாய்க்கப்பல் கட்டுகிறவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். எல்லாருமே ஏறக்குறைய மாமாதான். கப்பலின் பெயரும் மனைவியின் பொறுமையும்தான் ஆளுக்கு ஆள் மாறும். "எப்ப முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "உடம்பு முடிஞ்சுது தம்பி, இனிக் கயிறு மட்டுந்தான்" என்பார்கள். இந்த 'மட்டுந்தானு'க்குள் பல கோடைகாலங்கள் அடங்கும். பாய்மரத்தில் மாலுமிகள் ஏறும் கயிற்றேணி இருக்கிறதே, அதன் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நின்ற கயிற்றைக் கடக்கும் இடத்தில் ஒரு முடிச்சு. இரண்டு பாய்மரம், இரு பக்கமும் ஏணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாமணத்தால் நூலை நுழைத்து, முடிச்சின் தலையில் ஒரு துளி பசை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மாமாவின் சட்டைக் கை கயிற்றேணியோடு ஒட்டியிருக்கும். சட்டையை வெட்டுவாரே தவிர முடிச்சை வெட்டமாட்டார்.

வீட்டில் எந்தப் பொருளும் அதனதன் வேலையைச் செய்வதில்லை. புட்டுப் பானையில் புட்டு அவிந்து நாளாகிவிட்டது. பலகைக் கீலங்கள்தான் அவிகின்றன. ஆவியில் இளகிய மரம்தான் முறியாமல் அணியத்தின் வளைவுக்குப் பணியும். அப்படிப் பணிந்ததைப் பிடித்து வைக்க மாமியின் உடுப்புக் கவ்விகள் அத்தனையும் போயின. கொடியில் ஈர உடுப்பு வெறுமனே தொங்க, அன்னபூரணி முள்ளம்பன்றிக் கோலத்தில் மேசையில் நிற்பாள். புதுத் துணியின் வெள்ளை மாறப் பாய்க்குத் தேயிலைச் சாயத்தில் முக்கு. அதுவும் இலங்கைத் தேயிலையே வேண்டும். கடையில் கிடைக்கும் கலப்புத் தேயிலைப் பை என்றால் சரித்திரப் பிழையாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாமி, ஈயம் உருக்கத் தாச்சி கேட்ட அன்று மட்டும் குசினி வாசலில் இரு கையையும் விரித்து நின்றார். மாமா பின்வாங்கி, தூண்டில்காரர் கடையில் ஈயக் குண்டு வாங்கிவந்தார்.

மாலுமிகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. இந்த அளவில் ஓர் ஆள் ஏழு சென்டிமீட்டர் உயரம். சாரம் கட்டிய வல்வெட்டித்துறை மாலுமியை ஏழு சென்டிமீட்டரில் யாரும் விற்பதில்லை. பொம்மை வீட்டுக்கென்று விற்கும் விக்டோரியா காலத்துக் கனவான்கள்தான் கிடைத்தார்கள். மாமா அவர்களுடைய உயர்ந்த தொப்பிகளை அரத்தால் அராவினார், கோட்டைச் சுரண்டினார், காற்சட்டைக்கு மேல் பழைய லேஞ்சியைக் கிழித்துச் சாரம் கட்டினார். ஒருவருடைய மீசையை மட்டும் விட்டுவைத்தார். அவர்தான் தண்டையல், சாடை அப்பப்பாவாம். அப்பப்பாவின் கையிலிருந்த வெள்ளிப்பூண் கைத்தடியை எடுக்க முடியவில்லை. அது தூரம் பார்க்கும் குழாய் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி உலகத்தையே 24-இல் ஒரு பங்காகச் சுருக்கிவிட்ட மனிதருக்கு ஒரே ஒரு பகை: காற்று. அது சுருங்க மறுக்கிறது. நமக்கு மணிக்கு 10 மைல் தென்றல் என்றால் அன்னபூரணிக்கு அது ஏறத்தாழ 50 மைல் புயல். அதோடு இன்னொரு கொடுமை. நீள அகல உயரத்தை 24-ஆல் வகுத்தால் பாயின் பரப்பு 576-இல் ஒரு பங்காகிறது. கப்பலின் எடையோ 13,824-இல் ஒரு பங்காகிவிடுகிறது. உடம்பு இளைத்த அளவுக்குப் பாய் இளைக்கவில்லை. சரித்திரத்துக்கு விசுவாசமாகக் கட்டிய கப்பல் குளத்தில் விட்டதும் சரித்திரத்துக்கு விசுவாசமில்லாமல் குப்புறக் கவிழும்.

இதற்குப் பரிகாரம், அடிமரத்துக்குக் கீழே ஒரு நீளத் தகடும் அதன் நுனியில் ஈயக் குண்டும். அசல் கப்பலில் இது கிடையாது. குளத்துக்குப் போகும்போது திருகாணி போட்டு மாட்டி, வீட்டுக்கு வந்ததும் பொய்ப்பல்லைப் போலக் கழற்றி ஒளித்துவைப்பார். விருந்தாளி யாராவது "கீழ இதென்ன மாமா?" என்று கேட்டுவிட்டால், முப்பது வருட நட்பானாலும் அன்றைக்குத் தேத்தண்ணீர் கிடையாது.

ரேடியோ பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். 1898-இலேயே நிக்கோலா டெஸ்லா நியூயோர்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரு தொட்டித் தண்ணீரில் கம்பியில்லாமல் படகோட்டிக் காட்டியதை, தானும் முன்வரிசையில் நின்றவர்போலச் சொல்வார். உள்ளே பழக்கிய குரங்கு ஒளிந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டதாக ஒரு கதை உண்டு. மாமாவின் கையில் இரண்டு பிடிகள்: வலது பிடி சுக்கானுக்கு, இடது பிடியைத் தள்ளினால் கப்பலின் வயிற்றுக்குள் ஒரு சின்ன உருளை சுழன்று பாய்க்கயிற்றை விடும், இழுத்தால் சுற்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது என்பதால் அன்டெனாவைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கயிறுபோலக் கட்டியிருக்கிறார். கப்பலில் முடிச்சே போடாத ஒரே கயிறு அது.

வெள்ளோட்டம் கென்சிங்டன் தோட்டத்து வட்டக்குளத்தில். 1730-இல் வெட்டிய குளம். 19-ஆம் நூற்றாண்டு தொட்டு விளையாட்டுக் கப்பல்களுக்குப் பேர்போனது. மாமா தேங்காய் உடைக்க ஆயத்தமாக வந்திருந்தார். பூங்காக் காவலரைக் கண்டதும் தேங்காய் பைக்குள் திரும்பிப் போய்விட்டது. பக்கத்தில் போட்டிப் படகுக்காரர்கள். அவர்களுடைய ஒரு மீட்டர் படகுகளில் கயிறும் இல்லை, ஆளும் இல்லை, அலங்காரமும் இல்லை, ஓடுகின்றன, அவ்வளவுதான். மாமா அவற்றைத் தண்ணீரில் ஓடும் சவர்க்காரக் கட்டி என்பார். அவர்கள் அன்னபூரணியை என்னவென்று சொல்வார்கள் என்பதை மாமாவுக்கு முன்னால் சொல்லமாட்டார்கள்.

அவள் கவிழவில்லை. சாய்ந்தாள், நிமிர்ந்தாள், ஓர் அன்னத்தின் குறுக்கே கம்பீரமாகப் போனாள். அன்னம் வழிவிட்டது. கரையில் நின்ற சிறுவன், "உள்ளுக்கு மோட்டார் இருக்கா?" என்று கேட்டான். மாமா பதில் சொல்லவில்லை. இதைவிடக் குரங்கு இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். குளத்தின் நட்டநடுவுக்குப் போனதும் காற்று விழுந்தது. பாய் தொங்கிற்று. இரண்டு பிடியையும் எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஒரு அசைவு இல்லை. தண்டையல் மட்டும் கைத்தடியை நீட்டியபடி பேஸ்வாட்டர் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குப் பதற்றமே இல்லை. மடக்கு நாற்காலியை விரித்து, பிளாஸ்கைத் திறந்து, "அசல் கப்பலும் இப்பிடித்தான் காத்துக்காகக் கிடந்திருக்கும்" என்றார். அவர் வாழ்க்கையில் சரித்திரத்துக்கு இவ்வளவு கிட்ட வந்ததில்லை. அப்போது தொலைபேசி அடித்தது.

"இஞ்சாருங்கோ, எப்ப வருவியள்?"

"காத்து வந்தால் வருவன்."

"கார் விட்ட இடத்துக்கு எவ்வளவு நேரத்துக்குக் காசு கட்டினனீங்கள்?"

"ரெண்டு மணித்தியாலம்."

"அப்ப தண்டப்பணத்தையும் அந்தக் காத்திட்டயே வாங்கிக்கொண்டு வாங்கோ."