டீக்கு ஒரு வரி

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வாடிக்கையாளர்கள் ஆசை ஆசையாக மொபைல் பேங்கிங்குக்கு மாறினார்கள் என்று பெருமையடிப்பவர்கள், முதல் தேதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கிளைகளில் கூட்டம் குறையும் என்றார்கள். பாஸ்புக் பதியும் மெஷின் முன்னால் போய் நின்று பாருங்கள். முன்பெல்லாம் ஒரு பென்ஷன்காரருக்கு மாதம் ஒரு வரவு, ரெண்டு செலவு; ஒரு புத்தகம் வருஷக்கணக்கில் தாங்கும். இப்போது டீக்கு ஒரு வரி, கீரைக்கட்டுக்கு ஒரு வரி, அறுந்த செருப்பைத் தைத்ததற்கும் ஒரு வரி. மெஷின் மூச்சு வாங்கி, பக்கத்தைத் திருப்பு என்கிறது. திருப்பினால் புத்தகமே தீர்ந்துவிட்டது. புதுசு வாங்கக் கவுண்டரில் தனி வரிசை. அங்கே சர்வர் வேலை செய்யவில்லை.

“எல்லாம் ஆப்பிலேயே தெரியுமே ஐயா?”

“தெரியும் தம்பி. அடிச்சு வாங்கினாத்தானே கணக்கு!”

சரி, பாதுகாப்புக்காவது குறைவில்லை. பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி அடிக்கடி எஸ்எம்எஸ் அனுப்புகிறது. கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாத பெரியவருக்கு அதை வாசித்துக் காட்டுபவன் பேரன். கடையில் ஸ்கேன் செய்து, தாத்தா கேட்பதற்கு முன்பே பின் நம்பரைத் தட்டுபவனும் அவன்தான். கூடவே தனக்கு ஒரு ஐஸ்கிரீம். அதுவும் பாஸ்புக்கில் ஒரு வரி.