பார் நம்பர் எந்த வீட்டுப் பிள்ளை?

மருமவனே, ராத்திரி பூரா லில்லிபாண்டோட மல்லுக்கட்டுனியாமே? பார் நம்பரைச் சிவப்பாக்கணும்னு ஓவர்ரைடு வரியை எழுதி எழுதிப் பாத்தியாம், அது கறுப்பாவே நின்னுச்சாம். உங்க அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.

1996-ல ரெண்டு நெதர்லாந்துக்காரப் பயலுவ ஆரம்பிச்ச மென்பொருளு அந்த லில்லிபாண்டு. எழுத்துல எழுதுனா ஸ்வரக் காயிதமா அச்சடிச்சுத் தரும். ஆனா அதுக்கு ஒரு குணம் உண்டு. கலர்ங்கிறதுல ஒரு எழுத்தை விட்டுப் பாரு, ‘தட்டச்சுப் பிழையோ’ன்னு கேட்டு உடனே எச்சரிக்கை போடும். வீடு மாறிப் போயிக் கதவைத் தட்டினியோ, மூச்சு விடாது. நீ தட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான், புத்திசாலி!

ஸ்கோருங்கிறது ஊரு. ஸ்டாஃபு வீடு. வாய்ஸு உள்ள இருக்க ஆளு. இன்னாருக்குன்னு சொல்லாம ஓவர்ரைடு போட்டா, ஆணை அடியில கிடக்க வாய்ஸுக்குத்தான் போவும். பார் நம்பர் போடுத என்கிரேவரு ஊருச் சம்பளம் வாங்குதவன், ஸ்கோர்ல இருக்கான். அவன்கிட்ட சொல்ல வேண்டியதை வீட்டாளுகிட்ட சொன்னா அவன் என்ன செய்வான், பாவம். ஸ்கோருன்னு எழுதி ஒரு புள்ளி வச்சு, பொறவு பார் நம்பருன்னு எழுது. யாரு எங்கன இருக்காங்கிறது இன்டெர்னல்ஸ் ரெஃபரன்ஸ்ல பக்கம் பக்கமா கிடக்கு. நீ அதையெல்லாம் படிப்பியா? படிச்சவனாச்சே!

இன்னொண்ணு. ஓவர்ரைடு போட்டா ரிவர்ட் போடுத வரைக்கும் அது நிக்கும். ஒரே ஒரு ஸ்வரத்தலைக்குச் சிவப்பு வேணும்னா முன்னால ஒன்ஸ்னு சேத்துக்க. இல்லேன்னா பாட்டு முடியுத மட்டும் சிவப்புதான், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

பாட்டுக்குப் பாட்டு அதே வரியை வெட்டி ஒட்டிக்கிட்டும் அலையாத. கோப்புத் தலைமாட்டுல லேஅவுட் அடைப்பைத் தொறந்து, உள்ள கான்டெக்ஸ்ட் அடைப்புல ஸ்கோர் பேரைப் போட்டு மாத்தத்தை எழுதிரு, கீழ உள்ள பாட்டுக்கெல்லாம் அது செல்லும். ஒரே ஒரு ஸ்டாஃபுக்கு மட்டும்னா அதைத் தொடங்குத எடத்துல வித் அடைப்பு போதும். நம்பரே வேண்டாம்னா ரிமூவ் போட்டு அந்த என்கிரேவரையே அனுப்பிரு. அதையும் ஸ்கோர்ல போடு மக்கா, மறுபடியும் ஸ்டாஃபுல போயி நிக்காத.

மேல் ஸ்டாஃபுக்கு மூணு-நாலு, கீழ் ஸ்டாஃபுக்கு நாலு-நாலுன்னு வேற ஆசைப்படுதியாமே? டைமிங் டிரான்ஸ்லேட்டரை ஸ்கோர்லருந்து ரிமூவ் பண்ணி, கன்சிஸ்ட்ஸ் போட்டு ஸ்டாஃபுல குடிவை. ஒவ்வொரு ஸ்டாஃபும் தன் கணக்குக்கு எண்ணும், பார் கோடு மேலயும் கீழயும் வேற வேற எடத்துல விழும். வாசிக்கப் போறவன் உன்னை அடிக்க வந்தா எம் பேரைச் சொல்லிராத, என்ன?