சனிக்கிழமை வேட்டைக்காரர்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் ஃபெசன்ட், கௌதாரி போன்ற வேட்டைப் பறவைகளைச் சுடக் கூடாது. 1831ஆம் ஆண்டுச் சட்டம். நம் கதாநாயகருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை லண்டனில் ஆபீஸ். ஆக, அவரால் பறவைகளுக்கு ஆபத்து என்றால் அது சனிக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் பெரிய ஆபத்து என்று சொல்லிவிட முடியாது.

ஃபெசன்ட் பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அவருடைய உடுப்பு ஆகஸ்டிலேயே தயார். முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் ட்வீட் கால்சட்டை, அதே துணியில் கோட்டு, தொப்பி, கம்பளிக் காலுறை, அந்தக் காலுறையைக் கட்டக் குஞ்சம் வைத்த நாடா. எல்லாம் சேற்று நிறம். எதிலும் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. பக்கத்தில் நிற்பவர் நிலத்துச் சொந்தக்காரர். விவசாயி. தாத்தா காலத்துக் கோட்டு, பித்தான் போன இடத்தில் வைக்கோல் கட்டும் கயிறு. பறவைகள் ஏனோ கயிறு கட்டிய கோட்டுக்குத்தான் மரியாதை கொடுத்துக் கீழே விழுகின்றன.

பர்டி கம்பெனியின் புதுத் துப்பாக்கி ஒரு லட்சம் பவுண்டைக்கூடத் தாண்டும். நம்மவரிடம் இருப்பது அது இல்லை, வேறு ஏதோ கம்பெனியின் பழைய இரட்டைக் குழல். ஆனால் பேச்சு முழுக்கப் பர்டியைப் பற்றித்தான். போலீஸ் கொடுத்த ஐந்தாண்டு உரிமம் இருக்கிறது. வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் துப்பாக்கியைப் பூட்டிவைத்திருக்கிறார். உரிமம் இல்லாத யாருக்கும் சாவி எட்டக் கூடாது என்பது விதி. மனைவிக்கும் அது பொருந்தும். இருபது வருட இல்லறத்தில் அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ரகசியம் அந்தச் சாவி இருக்கும் இடம்தான்.

பணக்கார வேட்டையில் சுடுகிறவர் நின்ற இடத்தில் நிற்பார். கூலிக்கு ஆள் வைத்துப் புதரை அடித்துப் பறவையை அவர் தலைக்கு மேலே கலைத்துவிடுவார்கள். விழும் ஒவ்வொரு பறவைக்கும் பவுண்டுக் கணக்கு ஏறும். நம்மவர் கூட்டம் அந்த ரகம் அல்ல. ஆறேழு நண்பர்கள், நாலைந்து நாய்கள், அறுவடையான கோதுமைத் தாளிலும் டர்னிப் வயலிலும் வரிசை பிடித்து நடப்பார்கள். எதிரே எது எழும்புகிறதோ அது அவரவர் அதிர்ஷ்டம். ஃபெசன்ட் உறவில் மயிலுக்குத் தாயாதி, கோழிக்குப் பங்காளி. காலடி வரும்வரை மூச்சுக் காட்டாது. பிறகு முகத்துக்கு நேரே படபடவென்று கிளம்பிக் கொக்கரித்துக்கொண்டு போகும். அந்தக் கொக்கரிப்பில் கேலி கலந்திருப்பதாக நம்மவர் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவருடைய நாய் ஸ்பேனியல் சாதி, அப்பழுக்கில்லாத பரம்பரை. பறவை எழும்பியதும் அது உட்கார வேண்டும், பயிற்சி அப்படி. முதல் வேலியிலேயே ஒரு முயலைக் கண்டு, பரம்பரையை மறந்து, பக்கத்துக் கிராமத்தை நோக்கிப் புறப்பட்டுவிடும். இவர் விசில் ஊதுவார். விசிலுக்கு மற்றவர்களுடைய நாய்கள் எல்லாம் டக்கென்று உட்காரும்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. வேலி தாண்டும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்து தோட்டாவை எடுத்துவிடுவார். நண்பர்கள் நிற்கும் பக்கம் குழலைத் திருப்பவே மாட்டார். தாழப் பறப்பதைச் சுட மாட்டார். மனிதர்களுக்கு அவரால் எந்தத் தீங்கும் இல்லை. பறவைகளுக்கும் அதே சலுகை கிடைத்துவிடுகிறது.

அவர் சாக்குகள் தனி இலக்கியம். குறி தவறியது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெயில் கண்ணில் பட்டது என்பார், ஆங்கிலேய நவம்பரில்! இந்தப் பெட்டித் தோட்டாவே சரியில்லை என்பார். அது உன் பக்கத்துப் பறவை, மரியாதைக்காக விட்டேன் என்பார். அடுத்த தலைமுறைப் பறவைகளை எண்ணிப் பல இடங்களில் ஜனவரியில் சேவலை மட்டும் சுடுவது வழக்கம். இந்த நல்ல வழக்கத்தை அவர் அக்டோபரிலேயே கடைப்பிடிக்கத் தொடங்கிவிடுவார்.

“என்னப்பா, இரண்டு குழலும் வெடிச்சுது, ஒண்ணும் விழலையே?”

“பெட்டைப்பா. பாவம், விட்டுட்டேன்.”

நீண்ட வால் பளபளக்க ஒரு சேவல் மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். பெட்டை என்றால் எதற்கு இரண்டு தோட்டா என்று யாரும் கேட்பதில்லை. நண்பர்கள்!

மத்தியானம் கொட்டகையில் சூப்பும், காட்டுப் பழம் ஊறிய ஜின்னும். அதுதான் அவருடைய குறி தவறாத நேரம். சரித்திரத்தை எடுத்துவிடுவார். சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் மகன்தான் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் முதல் குறிகாரர். வாழ்நாள் கணக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். 1923 செப்டம்பரில் யார்க்ஷயர் மேட்டு நிலத்தில் காலையில் 52 க்ரவுஸ் பறவைகளைச் சுட்டுவிட்டு அங்கேயே விழுந்து இறந்துபோனார். அப்பா நமக்கு உள்ளாட்சி தந்தார். மகன் பறவைகளுக்கு மேலுலகம் தந்தார். அடுத்த கதை 1913 டிசம்பர்: பக்கிங்ஹாம்ஷயரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உட்பட ஏழு பேர் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட்களை வீழ்த்தியது. கொஞ்சம் மிஞ்சிப் போய்விட்டோம் என்று மன்னரே பிறகு மகனிடம் சொன்னாராம். இந்தக் குற்ற உணர்ச்சிக்கு நம்மவர் ஒருநாளும் ஆளானதில்லை. ரிப்பன் மகன் சுட்டதையும் இவர் சுட்டதையும் கூட்டினால் ஐந்து லட்சத்துக்கு மேல் வரும், கணக்கில் பிழையில்லை.

மாலையில் யார் சுட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஜோடி என்று பங்கு பிரிப்பது அங்கே பண்பாடு. அந்தப் பண்பாட்டால்தான் அவர் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. கழுத்தில் கயிறு கட்டிச் சில நாள் கார் கொட்டகையில் தொங்கவிடுவார், இறைச்சி பதமாகுமாம். இறகு பிடுங்கும் நாளில் மட்டும் அவருக்கு ஆபீஸில் அவசர வேலை வந்துவிடும். இறகு வீடெங்கும் பறக்கும், மனைவி தும்முவார்.

இத்தனைக்கும் அடுத்த பருவத்துக்கு நண்பர்கள் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். நன்றாகச் சுடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள். தானும் சிரித்து, தன்னை வைத்துச் சிரிக்கவும் விட்டு, ஜின்னையும் தாராளமாக ஊற்றுகிறவர் எங்கே கிடைப்பார்?

அவர் உங்களை விருந்துக்கு அழைத்தால் தட்டாமல் போங்கள். மெல்லக் கடியுங்கள். பல்லில் சிறு ரவை ஒன்று இடறினால் எடுத்து அவரிடமே காட்டுங்கள், மனிதர் பூரித்துப்போவார். யார் சுட்டது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.