டர்போ வாங்கலாமா, சார்?

பதினொரு வருஷம் ஓட்டிய செடானைக் கொடுத்துவிட்டு, ஒருத்தர் ஓட்டிக் கொடுத்த ஐ20 என் லைன் ஒன்றை வாங்கிவிட்டதாகப் போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். சரிகை விலை ஏறியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியபோது வராத கடிதங்கள் இதற்கு வந்திருக்கின்றன. பாதிப் பேர் "பேர் போடாதீங்க, வீட்டில் படிப்பாங்க" என்று கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். எனவே இந்த முறை ஊர் மட்டும்.

பிள்ளையார்பாளையம்: தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஆள், திருப்பருத்திக்குன்றத்தில் உட்கார்ந்துகொண்டு ரேஸ் கார் பற்றி எழுதலாமா?

எங்கள் பருத்திக்குன்றத்தில் ஏறிப் பார்க்கும்படி குன்றும் கிடையாது, பறிக்கும்படி பருத்தியும் என் கண்ணில் பட்டதில்லை. பேருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் பார்க்காமல் வளர்ந்தவன் நான்! ஆனால் ரேஸுக்கு நம் பக்கம் அந்நியமில்லை. நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் அங்கே ரேஸ் டிராக் இருக்கிறது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதே ஊரில்தான் ஹூண்டாய் ஆலை. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த வாசல் வழியாகத்தான் என் வண்டியும் வந்தது. உள்ளூர்ச் சரக்கு சார், பட்டு மாதிரி.

செவிலிமேடு: ஹேட்ச்பேக் என்றால் டிக்கி இல்லாத சின்ன கார். அதில் என்ன "பெர்ஃபார்மன்ஸ்"?

காய்கறி வாங்கப் போகும் காருக்கு ரேஸ்காரர்கள் இன்ஜினில் கை வைத்ததுதான் கதை. 1961-இல் இங்கிலாந்தில் மினி கூப்பர். 1976-இல் ஜெர்மனியில் கோல்ஃப் ஜிடிஐ; அதற்குப் பிறகு இது ஒரு தனி ஜாதியாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் பெரிய இன்ஜின் வைத்தால் வரி இடிக்கும். நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் அடங்கிய பெட்ரோல் காருக்குத்தான் வரிச் சலுகை. அதனால் ஒரு லிட்டர் இன்ஜினில் டர்போ. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகிற காற்று ஒரு விசிறியைச் சுற்றும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். மூன்று சிலிண்டரை வைத்துக்கொண்டு 120 குதிரைத்திறன் வருவது இப்படித்தான்.

ஓரிக்கை: ஐ20 என் காருக்கு 204 குதிரைத்திறன் என்று என் மகன் சாதிக்கிறான். நீங்கள் 120 என்கிறீர்கள். யார் பொய்?

இருவரும் யோக்கியர்கள். அவன் சொல்வது ஐரோப்பாவில் விற்ற "ஐ20 என்", 1.6 லிட்டர். இங்கே 2021 செப்டம்பரில் வந்தது "ஐ20 என் லைன்", 1 லிட்டர். 2024-இல் தியரி நுவில் உலக ராலி சாம்பியன் ஆனது மூன்றாவது ஒன்றில். அதற்கும் ஐ20 என்றுதான் பேர். ஒரே பார்டரில் மூன்று புடவை. ஒன்றுதான் நாம் வாங்கும் விலையில் இருக்கிறது.

வாலாஜாபாத்: தினமும் ஒரகடம் போய்வர வேண்டும். பழைய வண்டியில் எதைத் தேடலாம்? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

கொஞ்சம் வளைத்தே தீர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் இருக்கிறது.

போலோ டிஎஸ்ஐ. 2013-இல் வந்தது 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் மட்டும். 2020-இல் வந்த 1 லிட்டரில் 110, ஆறு கியர் மேனுவலும் உண்டு. 2022-இல் போலோவையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் மவுசு குறையவில்லை. விற்பவர் மகளைக் கட்டிக்கொடுப்பது போலப் பேசுவார். 2020-க்குப் பிந்தைய மேனுவல் கிடைத்தால் பாருங்கள்.

பலேனோ ஆர்எஸ், 2017 முதல் 2020 தொடக்கம் வரை. 102 குதிரைத்திறன், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். மாருதி மெக்கானிக் இல்லாத ஊர் எது? அதுதான் இதன் பலம். ஆனால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் 7,213 ஆர்எஸ் வண்டிகளை கம்பெனியே திரும்ப அழைத்தது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புன்டோ அபார்த், 2015. 145 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகம் தொட 8.8 நொடி என்று கம்பெனியே சொன்னது. ஓட்டினால் சொக்கிப்போவீர்கள். ஆனால் தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி 155 மில்லிமீட்டர்தான். ஃபியட்டும் 2019-இல் இங்கே காரை நிறுத்திவிட்டது. ஸ்பேருக்கு அலையப் பொறுமையும், அலையும்போது ஓட்ட இன்னொரு வண்டியும் வேண்டும். தினசரிக்கு வேண்டவே வேண்டாம்.

டியாகோ ஜேடிபி. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை. ரேஸ் பிரியர்களின் ஊரான கோயம்புத்தூரின் ஜெயெம் நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த வண்டி. 114 குதிரைத்திறன், நூறைத் தொடப் பத்து நொடிக்குள். இரண்டு வருஷத்தில் நின்றுபோனது. அபூர்வமாகத்தான் கண்ணில் படும். பட்டால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். போனட் மேல் கோடு கிடையாது, பின்னால் ரெக்கை கிடையாது, ஆனால் 100 குதிரைத்திறன். கம்பளி போர்த்திய சிறுத்தை. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தது. மறைமலைநகர் ஆலை நம் பக்கத்தில் இருந்ததால் ஃபோர்டு வண்டிகளைப் பிரித்துப் பழகிய கைகளும் நம் பக்கத்தில் உண்டு.

தீர்ப்பு கேட்டால்: 2023 செப்டம்பருக்குப் பிறகு வந்த என் லைன் மேனுவல். அதற்கு முன் வந்தவற்றில் மேனுவல் கிடையாது. கிளட்ச் பெடல் இல்லாமல் கியர் மட்டும் போடும் ஐஎம்டி பெட்டியும் டிசிடி ஆட்டோமேட்டிக்கும்தான். நான் வாங்கியதும் மேனுவல்தான், எனவே இது பாரபட்சமான தீர்ப்பு.

சின்ன காஞ்சிபுரம்: மைலேஜ்?

கேட்டுவிட்டீர்களா? காந்தி ரோடு முகூர்த்த நெரிசலில் லிட்டருக்குப் பத்தைத் தாண்டினால் தேங்காய் உடைக்கலாம். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் பதினேழு. விளம்பரத்தில் இருக்கும் இருபது விளம்பரத்திலேயே இருக்கட்டும்.

அய்யம்பேட்டை: இடது கால் மூட்டு வலி. ஆட்டோமேட்டிக் எடுத்தால் என்ன?

மூட்டு சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் இரண்டு வகை. பழைய 1.2 போலோவில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி. உள்ளே எண்ணெயில் நனையாத உலர்ந்த கிளட்ச். வரதர் கருட சேவை அன்று ரங்கசாமி குளத்தருகே அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும், சூடேறும். பெட்டி செலவு வைத்தால் லட்சத்தில் பேச வேண்டும். 2020-க்குப் பிந்தைய போலோவில் டார்க் கன்வர்ட்டர் வகை. அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை, ஆனால் ஊர்ந்தால் கோபித்துக்கொள்ளாது. உங்கள் மூட்டுக்கு அதுதான் மருந்து.

பெரிய காஞ்சிபுரம்: அம்மாவுக்கு எழுபது வயது. பின்சீட்டில் உட்கார முடியுமா?

உட்கார முடியும். எழுந்திருக்கும்போது உங்களைப் பார்ப்பார் பாருங்கள், அதைத் தாங்க முடியுமா என்று யோசியுங்கள்.

இந்த வண்டிகளில் ஸ்பிரிங் கட்டி, டயர் மெலிசு. குண்டும் குழியும் அப்படியே முதுகுக்கு வரும். என் வண்டியில் முதல் வாரமே, ஒரு தெரு முனையில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடையில் அடிவயிறு உரசியது. சைக்கிளில் போன பெரியவர் நின்று, "தம்பி, வண்டி புதுசா? குறுக்கால ஏத்து" என்றார். அன்றிலிருந்து சாய்த்துத்தான் ஏற்றுகிறேன். அம்மாவோடு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஷோரூம் முன்னால் உள்ள வழுவழு ரோட்டில் வேண்டாம், உங்கள் தெருவில்.

ஐயங்கார்குளம்: புரோக்கர் "டாக்டர் ஓட்டின வண்டி, கோயிலுக்கு மட்டும் போச்சு" என்கிறார். நம்பலாமா?

டாக்டர்கள் எல்லோரும் கார் விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள் போல! எனக்கும் ஒருத்தர் அப்படி ஒன்று காட்டினார். மீட்டரில் 28,000 கிலோமீட்டர். பிரேக் பெடல் ரப்பரோ திண்ணைப் படி மாதிரி தேய்ந்திருந்தது.

சரிகையை எப்படி வாங்குவீர்கள்? உரசி, பிரித்து, உள் நூலைப் பார்ப்பீர்கள் அல்லவா? அப்படித்தான். காலையில், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியைக் கேளுங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறிய இன்ஜின் கிளம்பும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போவின் சீலாகவும் இருக்கலாம், இன்ஜினாகவும் இருக்கலாம், எதுவானாலும் உங்கள் காசு. பிறகு மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஒரே மூச்சில் மிதியுங்கள். இன்ஜின் கத்த, வண்டி நகராமல் இருந்தால் கிளட்ச் போய்விட்டது. நாலு டயரும் ஒரே கம்பெனியா, எந்த வருஷம் என்று பாருங்கள். டயர் ஓரத்தில் கடைசி நாலு எண் வாரமும் வருஷமும்.

இந்த ஜாதிக்கே உரிய வியாதி ஒன்று உண்டு: ரீமேப். இன்ஜின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி, 110-ஐ 140 ஆக்கிவிடுவார்கள். விற்கும்போது பழையபடி மாற்றிவிட்டு "ஸ்டாக் கண்டிஷன்" என்பார்கள். கிளட்சும் கியர்பெட்டியும் மட்டும் அந்த 140-ஐ மறப்பதில்லை. 500 ரூபாய் மிச்சம் பிடிக்காமல், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப்போங்கள்.

தாமல்: பாண்டிச்சேரி நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது. என்ன வில்லங்கம்?

மலிவுதான் வில்லங்கம். அங்கே வரி குறைவு. இங்கே நிரந்தரமாக ஓட்டினால் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, TN 21 ஆக்க வேண்டும். அந்த வரியைக் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். நம் மாநில வண்டிக்கு ஃபாரம் 29, 30. கடன் இருந்தால் 35. விற்றவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது. அது பழைய உரிமையாளரின் சொத்து.

முத்தியால்பேட்டை: சைலன்சரை மாற்றினால் சத்தம் நன்றாக இருக்குமாமே?

உங்களுக்கு. அதிகாலையில் தறியில் உட்காருகிறவருக்கு இல்லை. சட்டத்துக்கும் இல்லை: ஒலி வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். என் லைனில் கம்பெனியே கொஞ்சம் உறுமல் வைத்துத்தான் கொடுத்திருக்கிறது. போதும்.

உத்திரமேரூர்: புதுசுக்கும் பழசுக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருக்கிறதே?

பேரம் பேசத் தெரியாதவர் என்று உங்களை நினைத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பழைய வண்டி விற்பவர்கள் சிலர் இன்னும் அதற்கு முந்தைய ஷோரூம் விலையைத்தான் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். இன்றைய விலைப்பட்டியலை போனில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

மாங்கால்: ஒரிஜினல் கோல்ஃப் ஜிடிஐயே இப்போது இந்தியாவுக்கு வந்துவிட்டதே?

வந்தது, 2025-இல், ஐம்பது லட்சத்துக்கு மேல். அதற்கு முன் 2016-இல் போலோ ஜிடிஐ என்று 99 வண்டி மட்டும் கொண்டுவந்தார்கள், 25.99 லட்சம், மூன்று கதவு. மாமியாரை எந்தக் கதவு வழியாக ஏற்றுவது என்று தெரியாமலே நம் ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

வேலிங்கப்பட்டரை: டர்போவுக்குத் தனிப் பராமரிப்பு?

கம்பெனி சொன்ன ஆயில், சொன்ன தேதிக்கு முன்னாலேயே. நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் செருப்பைத் தேடலாம்.

பாலுசெட்டிசத்திரம்: வேகத்தை எங்கே போய்க் காட்டுவது? நெடுஞ்சாலையில் எப்போது பார்த்தாலும் வேலை நடக்கிறது.

நல்லதுதான், பல உயிர் தப்பியிருக்கும். ஆசை தீரவில்லை என்றால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காசு கட்டி ஓட்டும் நாட்கள் உண்டு. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. நாம் எவ்வளவு மோசமாக ஓட்டுகிறோம் என்பதும் இரண்டு சுற்றில் தெரிந்துவிடும். எனக்கு ஒரே சுற்றில் தெரிந்தது.

திருப்பருத்திக்குன்றம் (பக்கத்து வீடுதான்): உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே. மாறியதில் வருத்தம் உண்டா?

பெட்ரோல் பங்கில் உண்டு. வேகத்தடையில் உண்டு. நாலு பேர் குடும்பமாகத் திருப்பதி போனபோது டிக்கியில் உண்டு. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு வேகவதிப் பாலம் தாண்டி, ஜினர் கோயில் பக்கம் ரோடு காலியாக இருக்கும்போது, இரண்டாவது கியரில் ஒரு மிதி. முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போகும் அந்த மூன்று நொடி இருக்கிறதே! அதற்கு மேல் போவதில்லை. உங்கள் வீட்டு நாய் அங்கேதான் படுத்திருக்கும்.

ஒரு வருத்தம் மட்டும் நிஜம். என் பழைய செடானை வாங்கியவர் நாற்பது நாளாக ஆர்.சி. பேர் மாற்றவில்லை. மேலே உச்ச நீதிமன்றம் பற்றி எழுதும்போதே எனக்குக் கை நடுங்கியது. அன்பரே, இதைப் படித்தால் தயவுசெய்து போனை எடுக்கவும்.